மயில் மூட்டை

கொட்டுச் சத்தம் பாலம் வரைக்கும் வந்தது. அங்கே நின்று ஒரு சுற்று அடித்துவிட்டு, வந்த வழியே திரும்பிவிட்டது.

பாலத்துக்கு இந்தப் பக்கம், சிலோன் காலனியின் முதல் வீட்டு வாசலில், நிறைபடி அரிசியோடு நின்றுகொண்டிருந்தாள் அன்னக்கொடி. படியைக் கோபுரமாகக் குவித்து உச்சியில் ஒரு வெல்லக்கட்டி வைத்திருந்தாள். வெள்ளனே எழுந்து தலைமுழுகியதில் ஈரத்தலையில் பனி ஏறி இரண்டு காதும் விறைத்துக் கிடந்தன. கொட்டுக்காரனுக்குப் பின்னால் நார்ப்பெட்டியைத் தலையில் சுமந்து போனவன் மட்டும் ஒருதரம் திரும்பிப் பார்த்தான். பார்த்துவிட்டுப் பார்க்காதவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான். கொட்டு திரும்பியதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். அந்த முகத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

"உள்ள வா அன்னம். குளிருது" என்றான் அவள் புருஷன் கந்தவேல்.

"எனக்குக் குளிரலைங்க. எரியுது."

"வருசா வருசம் நடக்குறதுதான?"

"வருசா வருசம் நாம ஒண்ணும் செஞ்சு குடுக்கல. இந்த வருசம் மயிலக் குடுத்திருக்கேன். வாங்குறப்ப இனிச்சுச்சு. அரிசின்னா மட்டும் கசக்குதோ?"

மலைமேல் மன்னவனூர் போகிற பாதையில் உள்ளடங்கிக் கிடக்கிற ஊர் ஓடைக்காடு. கிழங்கும் கேரட்டும்தான் விளைச்சல். தை பிறந்தால் அங்கே முருகனுக்குப் பொங்கல். அதற்கு ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கொட்டடித்து, நார்ப்பெட்டியோடு வீடு வீடாகப் போய், வீட்டுக்கு ஒரு படி அரிசி வாங்குவார்கள். எல்லார் அரிசியும் ஒரே பானையில் வேகும். அந்தப் பானையில் யார் அரிசி விழுகிறதோ அவன் ஊர்க்காரன். விழாதவன் சும்மா குடியிருக்கிறவன். சுடுகாட்டில் இடம் கேட்டாலும், ஓடைத் தண்ணீரில் பங்கு கேட்டாலும், "ஒன் அரிசி பானையில விழுந்துச்சா?" என்றுதான் முதல் கேள்வி வரும். காலனி ஏற்பட்ட நாளிலிருந்து அந்தப் பெட்டி பாலத்தைத் தாண்டியதில்லை.

அன்னக்கொடி பிறந்தது கண்டிச் சீமையில், தேயிலைத் தோட்டத்து லயத்தில். காம்பரா என்று அவர்கள் சொல்கிற ஒற்றை அறைக்குள் மூன்று தலைமுறை. பாவாடை கட்டுகிற வயசிலேயே தலையில் கூடைக்கயிறு ஏறிவிட்டது. இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து ஆட்களைப் பங்கு பிரித்தபோது அவள் இந்தியா பக்கம் விழுந்தாள். அங்கே இருந்தவரைக்கும் கள்ளத்தோணி என்றார்கள். பாஸ்போர்ட்டோடு கப்பலில் வந்து இறங்கினால் இங்கே சிலோன்காரி என்றார்கள். பேர் சொல்லிக் கூப்பிட எந்தக் கரையிலும் ஆள் இல்லை.

தோட்டத்தில் அவளுக்கு ஒரு கைவேலை பழகியிருந்தது. நைந்துபோன குடைத்துணியையும் அட்டையையும் மடித்துத் தைத்து, பழைய கம்பளிநூலைக் கோத்து, தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளைக்காம்பராவில் விட்டுப்போகிற பொடிசுகளுக்கு விளையாட்டுச் சாமான் செய்வாள். பார்த்தால் கைக்குள் அடங்குகிற சின்ன மூட்டை. நூலை இழுத்தால் கொண்டையோடு சேவல் நிமிர்ந்து நிற்கும். கப்பலேறும்போது அப்படி ஒரு சேவலைத் துணிகளோடு வைத்திருந்தாள். சோதனை போட்ட ஒருத்தன் உள்ளே தங்கம் இருக்குமென்று பிளேடால் அதன் வயிற்றைக் கிழித்தான். அட்டைதான் இருந்தது. "அட்டையா?" என்று கேட்டுக் கீழே போட்டுவிட்டு அடுத்த மூட்டைக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து அவள் செய்கிற எதிலும் வெளியே தையல் தெரியாது. எங்கே பிரிப்பது, எப்படி மடிப்பது என்பது அவள் விரலுக்கு மட்டும்தான் தெரியும்.

ஓடைக்காட்டு ஆட்கள் அதைக் கண்டுகொண்டது எழுபத்தேழாம் வருசம். அதற்குக் காரணம் ஒரு அண்டிராயர்.

பொங்கலன்று ஊர்க்காரர்களே ஒரு நாடகம் போடுவார்கள். மூட்டை சுமந்த கிழவனாக முருகன் ஊருக்குள் வந்து தண்ணீர் கேட்பார். ஆளாளுக்கு விரட்டுவார்கள். கடைசியில் மயிலோடு சொரூபம் காட்டுவார். அந்த நிமிசம் பெண்கள் குலவை போட, கொதிக்கிற உலையில் அரிசி விழ வேண்டும். தை மாசத்தில் அந்த மேட்டில் ராத்திரி யாரும் உட்கார முடியாது. அதனால் நாடகம் பகலில்தான். நாலு மணிக்கு மேகம் இறங்கினால் பக்கத்தில் நிற்கிற ஆள் முகம் தெரியாது. அதற்குள் முருகன் முருகனாகிவிட வேண்டும்.

முருகன் வேஷம் செல்லப்பாண்டிக்கு. கேரட் லாரி ஓட்டுகிறவன். கோயில் காரியம் பார்க்கிற சேனாதிபதிக்கு அக்கா மகன். அந்த வருசம் கிழவன் வேஷத்தைக் கலைத்து முருகனாக மாற, இரண்டு பேர் கம்பளியை விரித்து மறைப்புப் பிடித்தார்கள். அடித்த காற்றில் கம்பளி பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. கோடு போட்ட அண்டிராயரோடு நின்றார் முருகன். குலவை போட வாயெடுத்த பெண்கள் முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதோடு செல்லப்பாண்டியின் பேர் போயிற்று. லாரியில் போனாலும் "ஏலே அண்டிராயர் முருகா, கேரட்டு என்ன வெல?" என்று வரப்பிலிருந்து குரல் வரும்.

அவன்தான் காலனிப் பிள்ளை ஒன்று குட்டி மூட்டையை இழுத்துக் கோழியாக்கி விளையாடுவதைப் பார்த்தான். லாரியை அப்படியே நிறுத்தி இறங்கிவிட்டான்.

"அக்கா, இதே மாதிரி பெருசா, முதுகுல மாட்டுற மாதிரி செய்ய முடியுமா? மூட்டை மயிலாகணும். கம்பளியும் வேணாம், மறைப்பும் வேணாம்."

"முடியும் தம்பி. ஆனா ஒங்க மாமன் வந்து கேக்கணும்."

சேனாதிபதி வந்தார். காலனிக்குள் வரவில்லை, பாலத்துச் சுவரில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றார். "இந்தாம்மா சிலோனு, என்ன கேக்குற?"

"என் பேரு அன்னக்கொடிங்க. கூலி வேணாம். நார்ப்பெட்டி பாலத்தத் தாண்டி வரணும். எங்க அரிசியும் பானையில விழணும்."

சேனாதிபதி வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். "இம்புட்டுத்தானா? வரும், வரும். நீ மொதல்ல மயிலச் செய்யி."

"வரும்னு முருகன் மேல சொல்லுங்க ஐயா."

"ஏம்மா, நான் சொன்னாப் பத்தாதா? முருகனையே வேஷங்கட்டி ஏத்துறவன் நான்."

அந்த வார்த்தையை நம்பி உட்கார்ந்தாள் அன்னக்கொடி. பகலெல்லாம் கேரட் பிடுங்கிவிட்டு வந்து, மிச்சப் பொழுதெல்லாம் மயில். பூச்சிமருந்துப் பெட்டி அட்டையைப் பட்டை பட்டையாக வெட்டினாள். பச்சை, நீல ரவிக்கைத் துணிகளைக் கஞ்சி போட்டு விறைக்க வைத்து, பட்டைகளை உறைபோட்டு, விசிறி மடிப்பாக அடுக்கித் தைத்தாள். அம்மிக்கல்லை ஏற்றி வைத்து மடிப்பைப் படிய விட்டாள். மிஷன்காரர்கள் கொடுத்த பழைய சுவெட்டரைப் பிரித்து, அந்த நூலை முறுக்கி, மெழுகு தடவி, பட்டை நுனிகளில் கோத்தாள். சுவெட்டர் பொத்தான்கள் தோகைக் கண்களாயின. வெளியே கறுத்த குடைத்துணி. மூடியிருந்தால் கிழவனின் அழுக்கு மூட்டை. இடுப்போரம் தொங்குகிற சிவப்பு நூலை ஒரு இழு இழுத்தால் குடைத்துணி பின்னால் சுருண்டுகொள்ளும், தோகை தலைக்கு மேலே விரியும், தோளுக்கு மேலே மயில் கழுத்து எட்டிப் பார்க்கும். கந்தவேல் முதுகில் மாட்டி முதல்தரம் இழுத்தபோது, அந்த மனுசன் திரும்பிப் பார்க்க முடியாமல், "விரிஞ்சிருச்சா? சொல்லேன், விரிஞ்சிருச்சா?" என்று வட்டமடித்தான். காலனியே கூடிச் சிரித்தது.

பொங்கலுக்கு முதல்நாள் செல்லப்பாண்டி வந்து வாங்கிப் போனான். அவள் ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். "தம்பி, தண்ணி மட்டும் படக்கூடாது. கஞ்சி போட்டது, ஒட்டிக்கும். ராவைக்கு அடுப்பங்கரையில தொங்க விடு."

"புள்ள மாதிரி பாத்துக்கிறேங்க்கா. காலையில பெட்டி ஒங்க வாசலுக்கு வந்துரும்."

பெட்டி வந்த லட்சணத்தைத்தான் முதலிலேயே பார்த்தோமே.

மத்தியானம் அன்னக்கொடி படி அரிசியை அப்படியே முந்தானையில் கொட்டி முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

"எங்க போற? சண்ட போடவா?" என்றான் கந்தவேல்.

"நாடகம் பாக்க. நான் செஞ்ச மயில நான் பாக்கக் கூடாதா?"

"அரிசி எதுக்கு?"

"பசிச்சா மெல்ல."

கோயிலைச் சுற்றி மாவிலை கட்டின கயிறு இழுத்திருந்தார்கள். கயிற்றுக்கு உள்ளே ஊர். வெளியே, சரிவில், காலனி. உள்ளே ஒரு மூலையில் பொங்கல் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. உலை கொதிக்க ஆரம்பித்திருந்தது. சேனாதிபதியின் பெண்சாதி சுந்தராம்பாள் நார்ப்பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

செல்லப்பாண்டி கிழவனாகக் கூன் போட்டு நன்றாகத்தான் நடித்தான். முதுகில் மூட்டை. ஒருத்தி தண்ணீர் இல்லையென்றாள், ஒருத்தன் நாயை ஏவினான். கடைசியில் மேடை நடுவே வந்து நிமிர்ந்து, "யாரென்று நினைத்தீர்கள் என்னை!" என்று முழங்கிச் சிவப்பு நூலை இழுத்தான்.

மூட்டை மூட்டையாகவே இருந்தது.

இன்னொருதரம் இழுத்தான். நூல் கையோடு இறுகியது. கூட்டத்தில் எவனோ தொடங்கினான்: "என்னலே, மயிலு உள்ள தூங்குதா?"

"தாலாட்டு பாடுலே, முழிச்சுக்கிரும்!"

"மயிலு வேணாம்ப்பா, பழைய அண்டிராயரையே காட்டு!"

சரிவில் நின்ற அன்னக்கொடியின் கண் செல்லப்பாண்டியின் முகத்தில் இல்லை, குதிகாலில் இருந்தது. மூட்டையின் அடியிலிருந்து மஞ்சளாக ஒரு சொட்டு. பின்னாலேயே இன்னொரு சொட்டு. அவளுக்குப் புரிந்துவிட்டது.

கயிற்றைத் தூக்கினாள், குனிந்தாள், உள்ளே போனாள். "ஏ, சிலோன்காரி உள்ள வர்றா!" என்று எவனோ கத்தினான். அவள் நேரே மேடையேறி, செல்லப்பாண்டியின் முதுகிலிருந்து மூட்டையைக் கழற்றி மோந்து பார்த்தாள். மஞ்சள்தண்ணி, அதோடு மாட்டுக் கோமியம்.

"இத ஊத்துனது யாரு?"

செல்லப்பாண்டி தலையைக் கவிழ்த்துக்கொண்டான். "நான் தண்ணி ஆகாதுன்னு சொன்னேங்க்கா. மாமா கேக்கல."

சேனாதிபதி கீழே நின்று துண்டை உதறினார். "சாமி முதுகுல ஏறுற பொருளு. எங்கெங்கயோ கெடந்து வந்தது. சுத்தம் பண்ணாம ஏத்த முடியுமா?"

"எங்க கெடந்துச்சு? எங்க காம்பராவுல கெடந்துச்சு. அதச் சொல்லுங்களேன். எங்கெங்கயோன்னு ஏன் இழுக்குறீங்க? நான் தொட்டுத் தச்ச மயிலு வேணும், நான் தொட்டது மட்டும் கழுவிப் போகணுமா? தொட்டதையெல்லாம் கழுவுறதுன்னா, ஒங்க கேரட்டப் பிடுங்குறது யாரு? அதையும் கோமியத்துல முக்கித்தான் லாரியில ஏத்துறீங்களா?"

மலைமேட்டில் மேகம் கட்டி இறங்கத் தொடங்கியிருந்தது.

"வாய வளக்காத. இப்ப இது விரியுமா, விரியாதா?"

"விரியும். நெருப்புல காட்டி மடிப்பு மடிப்பாப் பிரிக்கணும்."

நெருப்பு அந்த இடத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சேனாதிபதி பொங்கல் அடுப்பைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "அங்க நீ போக வேணாம். சட்டியில தணல் அள்ளித் தரச் சொல்றேன்."

"சட்டித் தணல்ல கெழங்குதான் சுடலாம். பெரிய அடுப்புல, தள்ளி நின்னு காட்டணும். இல்லன்னா கருகிப் போவும். வேணாமா? இந்தாங்க, ஒங்க மூட்டை. நான் வர்றேன்."

செல்லப்பாண்டி ஒட்டுத்தாடியில் கை வைத்தான். "மாமா, அக்காவ விடு. இல்லன்னா இந்தத் தாடியப் பிச்சுப் போட்டுட்டு லாரியெடுத்து வத்தலக்குண்டுக்குப் போயிருவேன். இன்னொரு வருசம் அந்தப் பேரக் கேக்க என்னால ஏலாது."

சேனாதிபதியின் பதிலுக்குக் காத்திருக்காமல் அவள் மூட்டையோடு அடுப்புக்குப் போனாள்.

அடுப்பண்டை நின்ற பெண்கள் சேலையை இழுத்துக்கொண்டு விலகினார்கள். சுந்தராம்பாள் மட்டும் விலகவில்லை. எரிகிற விறகை இரண்டு கொள்ளி வெளியே இழுத்து, சுவாலையைக் குறைத்துவிட்டாள். அன்னக்கொடி மண்டியிட்டாள். ஒரு மடிப்பை அனலில் காட்டி, நகத்தைக் கொடுத்துப் பிரித்து, அடுத்ததைக் காட்டினாள். ஒட்டின இடத்தில் துணி கிழிகிற சத்தம் அவள் பல்லில் கேட்டது. சில பட்டைகள் ஊறிக் கொழகொழவென்று போயிருந்தன. அவற்றை உருவி அடுப்பிலேயே எறிந்தாள். ஒவ்வொன்று எறியும்போதும் வாய்க்குள் ஒரு வசவு. ஈரநூலை நெருப்பில் காய்ச்சி, விளக்குக்கு வைத்திருந்த மெழுகுவத்தியை எடுத்துத் தேய்த்தாள்.

மேடையில் மூட்டை இல்லாத கிழவன் பொழுதை ஓட்டிக்கொண்டிருந்தான். "மூட்டை எங்கடா கிழவா?" என்று எவனோ கேட்க, "ஒங்க ஊர்ல எதையும் குளிப்பாட்டாம விட மாட்டீங்களாமே. குளிப்பாட்டிக் காயப் போட்டிருக்கு" என்றான். சேனாதிபதியைத் தவிர மற்றவர்கள் சிரித்தார்கள்.

மேகம் சரிவைத் தாண்டிக் கயிற்றுப் பக்கம் வந்தபோது அவள் மூட்டையை மடித்துக் கட்டி எழுந்தாள். செல்லப்பாண்டி ஓடிவந்து வாங்கி மாட்டிக்கொண்டு மேடையேறினான். அவள் அடுப்பைவிட்டு நகரவில்லை.

நூலை இழுத்தான்.

கறுத்த குடைத்துணி பின்னால் சுருண்டது. தோகை தயங்கி, ஒருபக்கமாக ஏறி, பிறகு மொத்தமாக விரிந்தது. ஓரிடத்தில் பல்லுப் போன மாதிரி இடைவெளி. பச்சையிலும் நீலத்திலும் மஞ்சள் கறை திட்டுத் திட்டாக. ஆனாலும் மயில் கழுத்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தபோது ஊர் மொத்தமும் கையெடுத்துக் கும்பிட்டது. குலவை கிளம்பியது.

சுந்தராம்பாள் நார்ப்பெட்டியைத் தூக்குவதற்குள் அன்னக்கொடி முந்தானை முடிச்சை அவிழ்த்துவிட்டாள். வெல்லக்கட்டியோடு அத்தனை அரிசியும் உலையில் விழுந்தது. அதன்மேல்தான் ஊர் அரிசி விழுந்தது.

"அடியே!" சேனாதிபதி துண்டு கீழே விழ ஓடிவந்தார். "என்ன செஞ்ச? என்ன போட்ட?"

"அரிசி. அய்யம்பாளையத்துப் பச்சரிசி. கல்லு, குருணை கெடையாது. வரும் வரும்னீங்க, வரல. நானே கொண்டாந்தேன்."

"பானையக் கவுத்துங்கடா!"

"கவுக்காதீங்க. ஊரு அரிசியும் இருக்குல்ல. ஒக்காந்து பொறுக்குங்க. எது என் அரிசி, எது ஒங்க அரிசின்னு பாத்துப் பொறுக்கி எடுங்க. என்னுதத் தனியாக் கட்டிக் குடுங்க, எடுத்துட்டுப் போறேன்."

யாரும் பானையைத் தொடவில்லை. குலவையோடு விழுந்த அரிசியைக் கவிழ்க்க எவனுக்கும் கை வரவில்லை. அப்போது மேடையிலிருந்து நாடகக் குரலில் ஒரு அதட்டல் வந்தது.

"யாரடா அங்கே? என் பொங்கலில் கை வைப்பவன் எவனடா?"

மயிலோடு நின்றான் முருகன். சேனாதிபதி பழக்கதோசத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார். போட்டபிறகுதான் அது தன் அக்கா மகன் என்று ஞாபகம் வந்தது. செல்லப்பாண்டி குரலை இறக்கினான். "மாமா, வேஷத்துக்காக வெள்ளனேயிருந்து பட்டினி. வெரசா எலையப் போடச் சொல்லு."

முதல் இலை அவனுக்குத்தான். சாமி தின்றபிறகு ஊர் எப்படித் தின்னாமல் இருக்கும்? சில வீட்டுக்காரர்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனார்கள். சேனாதிபதியும் போனார். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் தின்றார்கள்.

அன்னக்கொடியும் ஒரு இலையோடு கயிற்றுக்கு உள்ளேயே நின்றாள். சுந்தராம்பாள் கரண்டியை ஒரு முழம் உயரத்தில் நிறுத்தி, இலையில் படாமல் போடப் போனாள். அன்னக்கொடி இலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"கையத் தாழ்த்திப் போடுங்க. நான் என்ன ஏணி வச்சா வாங்குறது?"

சுந்தராம்பாள் முகம் சுருங்கியது. கரண்டி கொஞ்சநேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு இறங்கியது, இலையைத் தொட்டது.

அன்னக்கொடி தின்று முடித்து, செல்லப்பாண்டி முதுகிலிருந்து மயிலைக் கழற்றி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போனாள். சரிவிலிருந்து கூடவே வந்த கந்தவேல் வழியில் கேட்டான், "இப்ப மனசு ஆறுச்சா?"

"ஆறல. அத நீங்க மோந்து பாக்கல."

கிழிந்த பட்டைகளை மாற்றிப் புதுசு தைத்தாள். மஞ்சள் கறையை மட்டும் தொடவில்லை. துவைத்தால் போகும் கறைதான். துவைக்கவில்லை.

அடுத்த தை வந்தது. கொட்டு பாலம் வரைக்கும் வந்து நின்றது. இந்தமுறை திரும்பவும் இல்லை, தாண்டவும் இல்லை. அங்கேயே அடித்துக்கொண்டிருந்தது. செல்லப்பாண்டி மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"அக்கா, பெட்டி பாலத்துல நிக்குது. மாமாதான் அனுப்புனாரு. நாலடி எடுத்து வச்சு அரிசியப் போட்டுட்டு வந்துருங்க."

அன்னக்கொடி வாசலில் நிறைபடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. "நாலடிதான தம்பி? அத அவங்க வைக்கட்டும்."

"வெயிலு ஏறுதுக்கா. நாடகத்துக்கு நேரமாகுது. மயிலையாவது குடுங்க."

"மயிலு எங்கயும் போகாது, அடுப்பங்கரையில தொங்குது. இந்த அரிசி பானைக்குப் போகட்டும். பொறவு நானே கொண்டாந்து ஒன் முதுகுல மாட்டுறேன். இன்னொருத்தன் கையில இனிக் குடுக்க மாட்டேன்."

அவன் போனான். பாலத்தில் என்னவோ வாக்குவாதம் கேட்டது. கொட்டு நின்றது. காலனிக்காரர்கள் ஒவ்வொருவராகப் படியோடு வாசலுக்கு வந்தார்கள். வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கொட்டு மறுபடி கிளம்பியது. சத்தம் பாலத்தில் ஏறி, பாலத்தைவிட்டு இறங்கி, நெருங்கி வந்தது.

நார்ப்பெட்டிக்காரன் அவள் வாசலில் பெட்டியை இறக்கினான். போன வருசம் பார்த்தும் பார்க்காத அதே ஆள்.

"இப்பக் கண்ணு தெரியுதா?" என்று கேட்டுவிட்டு அன்னக்கொடி படியைக் கவிழ்த்தாள்.